கஜானாவுக்குப் போய் குழாய் பார்த்த கதை

எனக்கு இரண்டு பிறந்தநாள். சர்டிபிகேட்டில் இருப்பது 1-6-1955. அம்மா கணக்கு வேறு. அந்த வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் தஞ்சாவூர், ராமநாதபுரம் கரைப்பக்கத்தை ஒரு புயல் புரட்டிப் போட்டதே, அது அடித்து ஓய்ந்த எட்டாம் நாள், கூரை போன எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மச்சு வீட்டுத் திண்ணையில் நான் பிறந்தேன் என்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே என்று வாத்தியார் தாமாகவே ஒரு ஜூன் மாதத்தைப் போட்டுவிட்டார். அதன் பலனாக, நியாயமாக ரிடையர் ஆகவேண்டிய தேதிக்கு ஆறு மாதம் முன்னாலேயே, 2013 மே மாதம், மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் எனக்கு அந்த ஆறு மாதச் சம்பளம் வரவேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எழுபது நிறைகிறது என்றதும் சொந்தக்காரர்கள் பீமரத சாந்தி, மண்டபம், முந்நூறு இலை என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. அறுபதில் ஒரு தடவை புகையில் உட்கார்ந்து கண் எரிந்தது போதும். துபாயில் இருக்கும் மகள்தான், "அப்பா, அந்தச் செலவுல ஜோர்டான் போய்ட்டு வந்துரலாம், பெட்ராவைப் பாக்கணும்னு எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கீங்க" என்றாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நான், என் மனைவி, மகள், மூன்று பேர். ஒரு வேன், ஒரு டிரைவர், ஒரு வழிகாட்டி, ஐந்து நாள். அம்மா சொன்ன பிறந்தநாள் நான்காவது நாள் ராத்திரி பாலைவனத்தில் வருவதுபோல மகள் தேதியைப் பொருத்தியிருந்தாள்.

பெட்ராவைப் பார்க்கவேண்டும் என்று நான் ஏன் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. எல்லோரும் போவது அந்தச் சிவப்புப் பாறையில் குடைந்த முகப்புக்காக. நான் போனது குழாய்க்காக.

முப்பத்து நான்கு வருஷம் குடிநீர் வேலை. அதில் பெரும்பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில். காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியாக வந்து சேர்வதற்கு முந்தைய காலத்தைச் சொல்கிறேன். பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றுக்குழி போட்டு, ஊறி வரும் தண்ணீரை கொட்டாங்கச்சியால் கோரிக் கோரி குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம். பக்கத்தில் நாலு குடம் வரிசையில் இருக்கும். அந்தக் கொட்டாங்கச்சி மணலில் உரசுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலேயே வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. பெட்ராவில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மழையை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு தலைநகரத்தையே நடத்தியிருக்கிறார்கள் என்றால், எப்படி என்று போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

சரி, பெட்ராவுக்கு வருகிறேன்.

வாடி மூசா என்ற ஊரில் தங்கி, காலையில் ஏழு மணிக்கே இறங்கினோம். டிசம்பர் குளிர், காது மடல் விறைத்தது. நுழைவாயிலில் இருந்து கொஞ்ச தூரம் திறந்த வெளி, அப்புறம் 'சிக்' என்று சொல்லும் இடுக்கு வழி. மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது, நடுவில் 1.2 கிலோமீட்டர் நடக்கவேண்டும். சில இடங்களில் மூன்று மீட்டர் அகலம்தான் இருக்கும், அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா மாதிரி தெரிகிறது.

அந்த இடுக்கின் வாயிலேயே நான் நின்றுவிட்டேன். அங்கே ஒரு அணை இருக்கிறது. மழை வந்தால் வெள்ளம் இந்த இடுக்குக்குள் புகாமல் மறித்து, வலப்பக்கம் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. சுரங்கம் எண்பது மீட்டருக்கு மேல் நீளம், உளியால் குடைந்தது. நம்மூர்க் கண்மாயில் கலிங்கு வைப்போமே, மிஞ்சின தண்ணீர் கரையை உடைக்காமல் அதுவாகவே வழிந்து போக, அதே புத்திதான். பெட்ராவைத் தலைநகராக வைத்து ஆண்ட நபத்தியர் கட்டிய அந்த அணை காலப்போக்கில் தூர்ந்து மறந்துபோய், 1963 ஏப்ரலில் திடீரென்று வந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இந்த இடுக்குக்குள் மாட்டி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய அணை இருந்த அதே இடத்தில் திரும்பவும் அணை கட்டினார்கள். புது இடம் தேடவில்லை, தேட வேண்டிய அவசியமும் இல்லை. பழைய ஆள் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறான்.

இதை நான் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருக்க, வழிகாட்டி வந்து, எல்லோரும் வேகமாக உள்ளே போகிறார்கள், நீங்கள் மட்டும் என்ன இங்கேயே நிற்கிறீர்கள் என்று கேட்டார். மகள் சிரித்துக்கொண்டே, அப்பா தண்ணீர் இன்ஜினியர் என்றாள். அந்த மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும். முகமே மாறிவிட்டது. "யா முஹந்திஸ்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அரபியில் முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். அதிலிருந்து பயணம் முடியும்வரை எனக்கு அதுதான் பெயர். அப்புறம் அவர் பயணத் திட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். என் மனைவிக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

சிக்கின் இரண்டு பக்கச் சுவரிலும் தண்ணீர் போக வழி இருக்கிறது. இடப்பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால். வலப்பக்கம் சுட்ட மண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, சுண்ணாம்புச் சாந்தால் பூசிப் பதித்திருக்கிறார்கள். ஒரு குழாய் ஒரு முழம்கூட இராது. ஓரிடத்தில் உடைந்த குழாய் அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். உள்பக்கம் வெள்ளையாக, படலம் படலமாகச் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருக்கிறது. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படியுமே, அதேதான், ஆனால் பல தலைமுறை கொதித்த பாத்திரம். அந்தப் படிவின் உயரத்தைப் பார்த்தாலே தண்ணீர் எதுவரைக்கும் ஓடியது என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பழைய கதை. 1989-ல் நான் கையெழுத்துப் போட்ட ஒரு லைன், சோதனை ஓட்டத்தில் மூன்று இடத்தில் வெடித்தது. ஏர் வால்வு வைக்கவேண்டிய மேட்டில் வைக்காமல் விட்டது என் தப்பு. உள்ளே காற்று அடைத்து, அழுத்தம் ஏறி, ஜாயின்ட் பிடுங்கிக்கொண்டது. ஊர் முழுக்க குடத்தோடு நின்றார்கள், தண்ணீர் ரோட்டில் ஓடியது. இந்த சிக் குழாயைப் பற்றி சார்ல்ஸ் ஆர்ட்லாஃப் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்: குழாய் முழுசாக நிரம்பி அழுத்தத்தில் ஓடாமல், தண்ணீருக்கு மேல் கொஞ்சம் காற்று இருக்கும்படி வாட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று. மண் குழாய், ஆயிரக்கணக்கான ஜாயின்ட். அழுத்தம் ஏறினால் ஒவ்வொரு ஜாயின்டும் கசியும். அதனால் அழுத்தத்தையே வரவிடாமல் பார்த்துக்கொண்டான். மட்டம் பார்க்கும் டம்பி லெவலும் ரசமட்டமும் கையில் வைத்துக்கொண்டு நான் கோட்டை விட்டதை, அவன் என்ன கருவி வைத்திருந்தானோ, சரியாகச் செய்துவிட்டான். இடையிடையே சின்னச் சின்னத் தொட்டிகள் வேறு, மண்டி கீழே தங்க. பாறையைத் தடவிக்கொண்டே நடந்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இப்படிப் பராக்குப் பார்த்துக்கொண்டு நடந்ததில் என் வலதுகால் ஷூவின் அடிப்பாகம் அப்படியே கழன்று வாய் பிளந்துவிட்டது. ரிடையர் ஆனபோது வாங்கி, வருஷக்கணக்கில் பெட்டியில் தூங்கிய ஷூ. பசை காய்ந்துபோயிருக்கிறது. டீ விற்றுக்கொண்டிருந்த, பெதுயின் என்ற பாலைவன நாடோடி இனத்து அம்மாள் ஒருவர் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல், கழுதைக்குக் கட்டும் கயிற்றில் ஒரு துண்டை அறுத்து, என்னைக் கல்லில் உட்காரவைத்து, ஷூவைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை, டீ வாங்கிக்கொள் என்று கையைக் காட்டினார். மருவு மாதிரி ஒரு இலை போட்ட, நாக்கு ஒட்டும் சர்க்கரை டீ. அந்தக் கயிற்றோடுதான் மீதி நாளெல்லாம் நடந்தேன்.

இடுக்கு முடிகிற இடத்தில் திடீரென்று அந்த முகப்பு தெரிகிறது. அல் கஸ்னே. சுமார் 40 மீட்டர் உயரம், ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்தது, பெரும்பாலும் ஒரு ராஜாவின் கல்லறை. கஸ்னே என்றால் வேறொன்றுமில்லை, நம்முடைய கஜானாதான். அந்த அரபுச் சொல்தான் சுற்றி வந்து நம் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்தது. உச்சியில் இருக்கும் கல் கலசத்துக்குள் தங்கம் இருக்கிறது என்று நம்பிச் சுட்டிருக்கிறார்கள், குண்டு பட்ட தழும்பு இருக்கிறது. உள்ளே முழுசும் பாறை. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மனைவியும் மகளும் அங்கே ஒருமணி நேரம் இருந்தார்கள். நான் பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டேன்.

மகள் கேட்டாள், இவ்வளவு பணம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று. சாம்பிராணி, வாசனைப் பொருள், மிளகு. அரேபியாவிலிருந்தும் செங்கடல் வழியாகவும் வந்த சரக்கு ஒட்டகத்தில் இந்த வழியாகத்தான் மத்தியதரைக் கடலுக்குப் போனது. முசிறி மிளகைப் பற்றிச் சொல்கிற அதே பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல், செங்கடல் கரையில் லூகே கோமே என்ற துறைமுகத்திலிருந்து பெட்ராவுக்குப் போகும் பாதையையும் சொல்கிறது. அப்படியானால் சேர நாட்டு மூட்டை ஏதாவது இந்த இடுக்குக்குள் போயிருக்குமா? போயிருக்கலாம். ஆனால் சரக்கு இருந்தால் மட்டும் போதாது. அத்தனை ஒட்டகமும் ஆளும் தண்ணீர் கண்ட இடத்தில்தான் தங்கும், வரி கொடுக்கும். இந்த ஊர் உண்மையில் விற்றது தண்ணீர் என்பது என் கட்சி.

மதியம் இரண்டாகப் பிரிந்தோம். மேலே 'அத் தெய்ர்' என்ற இன்னொரு பெரிய முகப்பு இருக்கிறது, எண்ணூறுக்கும் மேற்பட்ட படி. என் முழங்கால் வேண்டாம் என்றது, ஷூ கயிறும் வேண்டாம் என்றது. அறுபத்தாறு வயதில், சர்க்கரையும் வைத்துக்கொண்டு, என் மனைவி, "நீங்க உங்க குழாயைப் பாருங்க, நான் மலையைப் பாத்துட்டு வர்றேன்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளோடு கிளம்பிவிட்டாள். திருப்பரங்குன்றம் ஏறவே மூச்சு வாங்குகிறது என்பவள்.

நானும் வழிகாட்டியும் ஊரின் நடுவில் ஒரு மேட்டுக்குப் போனோம். பார்த்தால் வெறும் மண் திட்டு. ரொம்ப காலம் இதைக் 'கீழ்ச் சந்தை' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1998-ல் தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சந்தை இல்லை, நீச்சல் குளம். நாற்பது மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 23 மீட்டர் அகலம், நடுவில் தீவு மாதிரி ஒரு மண்டபம், பக்கத்தில் தோட்டம். குடிக்கவும் விளைவிக்கவும் தண்ணீர் சேர்த்தார்கள் சரி. பாலைவனத்தில் நின்றுகொண்டு, பல நாள் ஒட்டகத்தில் நாக்கு வறண்டு வருகிற வியாபாரியின் கண்ணெதிரே ஒரு குளத்தை வெயிலில் ஆவியாக விட்டு வைத்திருக்கிறார்கள்! எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடித்திருந்தது. வழிகாட்டிக்கு அம்மான் பக்கம் வீடு. அவர் சிரித்துக்கொண்டே, எங்கள் வீட்டுக்கு வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர் விடுகிறார்கள், மாடியில் டேங்க்கில் பிடித்து வைத்து ஓட்டுகிறோம் என்றார். பரமக்குடியில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தது.

இதே மக்களைப் பற்றி கிரேக்க எழுத்தாளர் தியோதோரஸ் எழுதியிருப்பது இன்னும் வேடிக்கை. ஆரம்பத்தில் இவர்கள் வீடே கட்டமாட்டார்களாம், பயிர் வைக்கமாட்டார்களாம், கட்டினால் மரண தண்டனையாம். தரைக்குள் தொட்டி வெட்டுவார்கள். வாய் சின்னது, உள்ளே போகப் போக அகலம். மழையில் நிரப்பி, வாயை மூடி, தரையோடு சமமாக்கி, தங்களுக்கு மட்டும் தெரிகிற அடையாளம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எதிரிப் படை துரத்தி வந்தால் இவர்கள் பாலைவனத்துக்குள் ஓடுவார்கள், படை தாகத்தில் திரும்பிப் போகும். ஒளித்து வைத்த தண்ணீரில் ஆரம்பித்து, ஊர் பார்க்கக் குளம் வெட்டுவது வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

மறுநாள் வாடி ரம் என்ற பாலைவனத்துக்குப் போகும் வழியில் ஹுமைமா என்ற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னது நான்தான். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. டிக்கெட் கேட்கக்கூட ஆள் வரவில்லை. பெட்ராவைவிட வறண்ட இடம். மலை ஊற்றிலிருந்து 26 கிலோமீட்டருக்கும் மேல் கல் வாய்க்கால் போட்டு தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வாய்க்கால் கற்கள் இன்னும் அங்கங்கே தரையில் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் நடுவில் பள்ளம் செதுக்கின கல். ஒன்றின் மேல் உட்கார்ந்து கையால் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். மனைவி வேனை விட்டு இறங்கவே இல்லை.

வாடி ரம்மில் ஜீப்பில் சுற்றினோம். பாறைகளில் ஒட்டகம், மனிதன், தமூதியம் என்ற பழைய அரேபிய எழுத்து. இந்தப் பகுதி முழுக்க சுமார் 25,000 பாறைச் சித்திரம் இருக்கிறது என்பது யுனெஸ்கோ கணக்கு. ஆனால் எனக்குப் பிடித்தது அங்கே மலை நிற்கிற விதம். மேலே மணற்கல், கீழே கருங்கல். மழைத் தண்ணீர் மணற்கல்லுக்குள் இறங்கி, கருங்கல்லைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாக வெளியே வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தாலே மலையின் இடுப்பில் பச்சைக் கோடு மாதிரி செடி தெரியும். அந்தக் கோடுதான் தண்ணீர் மட்டம். ஓரிடத்தில் அப்படி வருகிற ஊற்று ஒரு குழாய் வழியாக இறங்கி தொட்டியில் விழுகிறது, ஒட்டகங்கள் வரிசையில் நிற்கின்றன. பக்கத்திலேயே தீசி என்ற இடத்தில் பூமிக்குள் பல ஆயிரம் வருஷப் பழைய தண்ணீர் கிடக்கிறது. அதை உறிஞ்சி, சுமார் 325 கிலோமீட்டர் குழாயில் அம்மானுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் திட்டம் தொடங்கியது 2013, நான் ரிடையர் ஆன வருஷம். எடுக்கிற தண்ணீர் திரும்ப ஊறாது. ஊறாத ஊற்றுக்குழியில் கொட்டாங்கச்சி போடுகிற வேலைதான் அது, ஆனால் அந்த ஊரில் இருந்தால் நானும் அந்த பைலில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ராத்திரி முகாமில் மணலைத் தோண்டி, தணலில் வைத்து மூடியிருந்த கோழியையும் உருளைக்கிழங்கையும் வெளியே எடுத்தார்கள். மகள் ரகசியமாகக் கேக் கொண்டுவந்திருந்தாள். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. நாலு தடவை கொளுத்தி நாலு தடவையும் நான் ஊதுவதற்கு முன்னால் பாலைவனம் ஊதிவிட்டது. வழிகாட்டி அரபியில் ஏதோ பாட, ஒரு ஜெர்மன் கூட்டமும் கை தட்டியது.

எல்லோரும் போனபிறகு, கணப்பு பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மனைவி முந்தின நாள் மலையேறின போட்டோக்களைக் காட்டினாள். அவள், அவளும் மகளும், அவளும் கழுதையும், திரும்பவும் அவள். நாற்பது போட்டோவுக்கு மேல் இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் இருட்டாக, ஒரு பாறைப் பள்ளம்.

"இது என்ன, கை தவறி அமுக்கிட்டியா?"

"இல்ல. மேல போனா அங்கயும் ஒரு தண்ணித் தொட்டி வெட்டி வச்சிருக்காங்க. நீங்க வரலையேன்னு எடுத்தேன்."

போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் பூச்சு இருக்கிறதா, வரத்துக்கால் எந்தப் பக்கம் என்று ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கேட்டேன். கல் போட்டுப் பார்த்தாளாம், சத்தமே வரவில்லையாம், முக்கால்வாசி மண் மூடிக் கிடக்கிறதாம்.

"அப்ப தூர் வாரணும்" என்றேன்.

"வாருவீங்க. மொதல்ல அந்தக் கயித்தை அவுத்துட்டுப் படுங்க."